படையில் நச்சுத் தலைவன் எவன்? கத்துகிறவனா, கத்தாதவனா?

மடத்தடி
பெப்ரவரி 9, மாலை 6.20

என்ர மருமகன் கனடாவில பகுதிநேரப் படையில சேர்ந்து இப்ப பயிற்சியில நிற்கிறான். ஃபோன் எடுத்தால் ஒரே பாட்டு, தங்கட சார்ஜன்ட் "ரொக்சிக்", நஞ்சு பிடிச்ச ஆள் எண்டு. விடிய நாலரைக்கு எழுப்பி, கட்டில் விரிப்பில சுருக்கம் இருந்தால் மெத்தையோட இழுத்து நிலத்தில போட்டுக் கத்துறாராம். ஆமி எண்டால் கத்தத்தானே வேணும்? இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு எல்லாமே நஞ்சுதான். இஞ்ச இருக்கிற பழைய ஆக்கள் சொல்லுங்கோ, கண்டிப்பு எங்க முடியுது, நஞ்சு எங்க தொடங்குது?

பழைய பிட்டர்
பெப்ரவரி 9, இரவு 10.15

மெத்தையை இழுத்துப் போட்டது நஞ்சில்லை. எல்லாப் படையிலும் முதல் மாதச் சடங்கு அது. கை நீட்டினால் நஞ்சு, வாயோடு நின்றால் கண்டிப்பு. விசயம் அவ்வளவுதான். மருமகனுக்கு விரிப்பை இழுத்து மடிக்கப் பழக்குங்கோ.

பழைய பிட்டர்
பெப்ரவரி 10, காலை 6.30

நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன். படுத்த பிறகு ஒரு முகம் ஞாபகம் வந்தது. அந்த ஆள் ஒருநாளும் கை நீட்டவில்லை, கத்தவும் இல்லை. நேற்றைய என் கணக்குப்படி அவர் தங்கமான மனிதர்.

1977. நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துப் பெயர் வேண்டாம். கடெற் பிளட்டூனுக்கு, அதாவது மாணவர் படைப் பிரிவுக்கு, பயிற்சி தர வெளியிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் கத்துவார். கழுத்து நரம்பு புடைக்கும், எச்சில் பறக்கும். அவர் போடுகிற சத்தத்துக்கு திருகோணமலை டச்சுப்பே கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்களும் நிமிர்ந்து நிற்பார்கள் என்று பகிடி பண்ணுவோம். எங்கள் பரம்பரைக்கே பெயர் வைத்திருக்கிறார். ஆனால் பயிற்சி முடிந்து வாளியில் பிளேன்ரீ வரும்போது அவர் தள்ளித்தான் நிற்பார். நாங்கள் முப்பது பேரும் குடித்த பிறகு அடியில் கிடக்கிற மண்டியை அதே பேணியில் வார்த்துக் குடிப்பார். அது தலைமைத்துவம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆளுக்குச் சீனி பிடிக்காது என்று நினைத்தோம்.

மற்றவரிடம் ஒரு சின்னக் கொப்பி. காதில் பென்சில். வரிசையில் வந்து உங்களுக்கு முன்னால் நிற்பார், இடுப்புப்பட்டிப் பித்தளையைப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், கொப்பியில் எதையோ எழுதுவார், போய்விடுவார். என்ன எழுதினார் என்று ஒருவருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் தியத்தலாவை முகாமுக்குப் போகிற பட்டியலில் இரண்டு பெயர் குறைந்திருக்கும். காரணம் கேட்க ஏலாது, கேட்டவனின் பெயரும் கொப்பிக்குள் போய்விடும்.

ஒருநாள் எனக்குப் பக்கத்தில் நின்றவனுக்குக் காய்ச்சல். தோள் இடைவெளி எடுக்கக் கை நீட்டியபோது அவன் கை என்னில் பட்டது, அடுப்பில் இருந்து இறக்கின சட்டி மாதிரி. "சொல்லன்டா" என்றேன். "கொப்பி" என்று உதடு அசைத்தான், சத்தம் வரவில்லை. முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றோம். பிறகு அவன் மடங்கி விழவில்லை, மரம் சாய்கிற மாதிரி முன்பக்கமாக அப்படியே போனான். நாடி சரளைக் கல்லில் பட்டுப் பிளந்தது.

கொப்பிக்காரர் வந்து குனிந்து பார்த்தார். மெல்லிய குரலில் கேட்டார், "ஏன் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை?" முப்பது பேரும் வாய் திறக்கவில்லை. அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

பழைய பிட்டர்
பெப்ரவரி 10, இரவு 9.05

ஆங்கிலத்தில் இந்த நச்சுத் தலைமைக்கு வரைவிலக்கணம் இருக்கா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இருக்கு. அமெரிக்க இராணுவத்துக் கேணல் ஜோர்ஜ் ரீட் 2004இல் எழுதிய கட்டுரையில் மூன்று அடையாளம் சொல்கிறார். கீழே உள்ளவர்களின் நலத்தில் அக்கறையில்லாமை. அந்த ஆளின் குணமும் பழகும் விதமும் முழுப் பிரிவின் சூழலையும் கெடுப்பது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: இந்த ஆள் எல்லாம் தனக்காகத்தான் செய்கிறார் என்று கீழே உள்ளவர்கள் நம்பிவிடுவது.

அவர் உண்மையில் தன்னலக்காரரா இல்லையா என்று அங்கே கேள்வியே இல்லை. கீழே இருப்பவன் அப்படி நம்புகிறானா என்பதுதான் கேள்வி. எங்கள் கத்தலாரை அப்படி ஒருவரும் நினைக்கவில்லை, மண்டியைக் குடிக்கிறவரை எப்படி நினைக்கிறது? கொப்பிக்காரரைப் பற்றி முப்பது பேருக்கும் ஒரே முடிவு.

2012இல் அமெரிக்க இராணுவம் இந்த "நச்சு" என்ற சொல்லைத் தன் தலைமைத்துவக் கைநூலிலேயே சேர்த்தது. 2019இல் எடுத்துவிட்டு "எதிர்விளைவுத் தலைமை" என்கிற மாதிரி ஒரு சொல்லைப் போட்டது. போத்தலில் லேபிளை மாற்றியிருக்கிறார்கள்.

பழைய பிட்டர்
பெப்ரவரி 11, பிற்பகல் 2.40

உவர்மலை அண்ணை பிரிட்டிஷ் கடற்படைக் கப்டன் பிளையை இழுத்துவந்து விட்டார். அவருடைய பவுண்டிக் கப்பலில் நடந்த கலகம், 1789 ஏப்ரல் 28. கொடுங்கோல் கப்டன் என்றால் எல்லாரும் அவரைத்தான் காட்டுவது. ஆனால் அண்ணை, அந்தக் காலத்துக் கணக்கில் பிளை சவுக்கடி குறைவாகக் கொடுத்தவர். அவர் வியாதி நாக்கு. ஈரப்பலாக் கன்று ஏற்றப்போன கப்பல் அது. கலகத்துக்கு முதல்நாள் தளத்தில் குவித்திருந்த தேங்காயில் கொஞ்சம் குறைகிறது என்று ஒபீசர்களை ஆளுக்கு ஆள் விசாரித்து, எல்லாருக்கும் முன்னால் கள்ளன் என்று பேசினார். அடுத்த விடியலில் அவருக்குக் கீழே இருந்த ஒபீசர் கிறிஸ்டியன் அவரை எழுப்பிக் கட்டினான். தேங்காய்க்காகக் கப்பலைப் பறிகொடுத்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஆனால் அதே ஆள், 23 அடிப் படகில் 18 பேரோடு இறக்கிவிடப்பட்டு, 47 நாளில் ஏறக்குறைய 3,600 கடல்மைல் போய்த் திமோரில் கரை சேர்த்தார். வழியில் தீவொன்றில் இறங்கியபோது அங்குள்ளவர்கள் ஒருவரைக் கொன்றார்கள், கடலில் ஒருவரும் சாகவில்லை. நம் மீனவர்களைக் கேட்டுப் பாருங்கள், அது என்ன காரியம் என்று. ஆகவே வேலை தெரியாதவன்தான் நஞ்சாவான் என்பது பொய். வேலை தெரிந்தவனின் நஞ்சு இன்னும் நாள் தங்கும், மேலே இருப்பவர்கள் அவனை விடமாட்டார்கள். பிளையையும் விடவில்லை. பிறகு அவுஸ்திரேலியாவில் ஆளுநராக அனுப்பினார்கள், 1808இல் அங்கேயும் படையினர் அவரைப் பிடித்து அடைத்தார்கள்.

உண்மையான நஞ்சு வேண்டுமென்றால் பிரிட்டிஷ் கடற்படையின் ஹெர்மியோனி கப்பலின் கப்டன் பிகொட், 1797. பாய்மரத்தில் ஏறினவர்களில் கடைசியாக இறங்குகிறவனுக்குச் சவுக்கடி என்று சட்டம். இயந்திரம் பொருத்துகிற ஒரு பிட்டர் மூளையோடு இதைப் பாருங்கோ. எவ்வளவு வேகமாக இறங்கினாலும் கடைசி ஆள் என்று ஒருவன் இருந்தே தீருவான். எல்லாரும் பறந்து இறங்கினாலும் ஒருவனுக்கு அடி விழும். வேலையைத் திருத்துவதற்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை, பயத்தைக் குறையாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. அவசரத்தில் மூன்று பெடியன்கள் மேலேயிருந்து விழுந்து செத்தார்கள். உடலைக் கடலில் தூக்கிப் போடச் சொன்னார் பிகொட். செப்டெம்பர் 21 இரவு அவரையும் வெட்டிக் கடலில் போட்டார்கள்.

பழைய பிட்டர்
பெப்ரவரி 11, மாலை 5.10

எந்தக் கொமாண்டர் நஞ்சு என்று "கோட்டைக்குள் இருக்கிற மான்களிடம் கேட்டால் சொல்லும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சிரித்துவிட்டேன். பிரட்றிக் கோட்டைக்குள் போத்துக்கேயர், ஒல்லாந்தர், வெள்ளைக்காரர், இப்போதைய ஆமி என்று எத்தனை கொமாண்டர்மார் வந்து போனார்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிற சனத்திடம் வாழைப்பழத் தோல் வாங்கித் தின்கிறதைத் தவிர மான்கள் ஒரு கருத்தும் சொன்னதில்லை. நீண்ட நாள் உயிரோடு இருக்கிற வழி அதுதான்.

பழைய பிட்டர்
பெப்ரவரி 13, இரவு 8.50

வெள்ளைக்காரன் கப்பலையே கட்டி அழுகிறேன் என்று பாலையூற்றில் இருந்து ஒரு பேச்சு வந்தது. நியாயம். நம் பக்கத்துக் கதை ஒன்று.

1942 ஏப்ரல் 9 திருகோணமலையில் யப்பான் குண்டு போட்ட நாள். என் அப்பாவுக்கு எட்டு வயது. சீனக்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கியிலிருந்து எழுந்த புகையைக் கன்னியாக் காட்டுக்குள் ஒளிந்திருந்து பார்த்ததாகச் சாகும்வரை சொல்லுவார். அடுத்த மாதம், மே 8 இரவு, இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவில் காவல் நின்ற இலங்கைப் பீரங்கிப் படைப் பெடியன்கள் கலகம் செய்தார்கள். தங்கள் பொறுப்பதிகாரி கப்டன் கார்டினரைப் பிடிப்பது திட்டம். ஒரு படைவீரர் செத்தார், கலகம் பிசகியது. ஓகஸ்டில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் மூன்று பேரைத் தூக்கில் போட்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பொதுநலவாய நாட்டுப் படைகளில் கலகத்துக்காகத் தூக்கில் போடப்பட்டவர்கள் அவர்கள் மட்டும்தான்.

இதை நஞ்சுத் தலைவன் கணக்கில் எழுதலாமா? முதலில் எழுதத்தான் வந்தேன். நிறவெறுப்பும் கடுமையும் அங்கே இருந்தன. ஆனால் கலகத்தை நடத்திய கிரேஷன் பெர்னாண்டோவுக்கு வெள்ளைக்கார ஆட்சியே பிடிக்காது, ஆசியா ஆசியருக்கு என்ற யப்பானியப் பேச்சு அவர் காதில் ஏறியிருந்தது. கார்டினர் தேவதூதனாக இருந்திருந்தாலும் அந்த இரவு நடந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். எல்லாக் கலகத்துக்கும் ஒரு கெட்ட கப்டனைத் தேடாதீர்கள், சிலவேளை முழு ஏற்பாடே கெட்டது.

1946 பெப்ரவரி 18, பம்பாயில் தல்வார் என்ற கடற்படை நிலையத்தில் தொடங்கிய மாலுமிகளின் கலகம் வேறு மாதிரி. விடுதலை வேட்கை அங்கேயும் இருந்தது, உண்மை. ஆனால் நெருப்புப் பிடித்த இடம் சாப்பாட்டுத் தட்டும், அங்கே பொறுப்பாக இருந்த கொமாண்டர் கிங்கின் வாயும். இந்திய மாலுமிகளைப் பெற்றோரைச் சேர்த்துப் பேசுவார். எழுத்தில் முறைப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு சாப்பிட மறுத்தார்கள். சில நாளில் ஏறக்குறைய 20,000 பேருக்குப் பரவியது.

பழைய பிட்டர்
பெப்ரவரி 14, இரவு 11.30

"இங்கே இருந்துகொண்டு 1797ஐப் பற்றிக் கதைக்கிறீர்கள், வீதியில் நின்றவர்களைப் பற்றிக் கதைக்கவில்லையே" என்று கேட்டவருக்கு.

யுத்த காலம். எந்த வருடம், எந்த வீதி என்று எழுதமாட்டேன். வேலைக்குப் போகிற வழியில் ஒரு சென்றி, காவலரண். சைக்கிளில் என் வேலைச் சாமான் பை. அங்கே நின்ற பெடியனுக்கு இருபது வயது இருக்கும், மீசை சரியாக முளைக்கவில்லை. சில கிழமை அவன் கையைக் காட்டி "யன்ன, யன்ன" என்பான், சிங்களத்தில் போ போ என்று, அடையாள அட்டையை எடுக்க முதலே விட்டுவிடுவான். ஒருநாள் என் சைக்கிள் சங்கிலி கழன்று நிற்க, துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு தானே குனிந்து மாட்டிவிட்டான். சில கிழமை அதே பெடியன் என்னைப் பத்து மீற்றருக்கு முன்னாலேயே இறக்குவான். பையைக் கொட்டு என்பான். ஸ்பானர், திருகாணி முடுக்கி, அரம், எல்லாம் தாரில் வரிசையாக வைக்கவேண்டும். காலால் தட்டித் தட்டிப் பார்ப்பான். பின்னால் நிற்கிற கிழவியின் மரக்கறிப் பையும் கொட்டப்படும்.

மூன்று மாதம் போன பிறகுதான் ஒரு விசயம் பிடிபட்டது. பை கொட்டுகிற கிழமைகளில் அவன் ஒவ்வொரு பொருளைத் தட்டின பிறகும் மண்மூட்டைக்குப் பின்னால் இருக்கிற குடிலைத் திரும்பிப் பார்ப்பான். குடிலுக்குள் இருக்கிற ஒபீசர் மாறி மாறி வருவார். ஒருவர் வந்தால் எங்களுக்கு "யன்ன". மற்றவர் வந்தால் தார். அந்த இரண்டாம் ஆளை நான் ஒருநாளும் கிட்டப் பார்க்கவில்லை. அவர் கத்திக் கேட்டதும் இல்லை. பெடியனின் கழுத்து திரும்புகிற விதத்தில்தான் அவரை எனக்குத் தெரியும்.

தலைவனின் நஞ்சு அவனுக்கு அடுத்த படியில் தேங்குவதில்லை. இறங்கி இறங்கிக் கடைசியில் வீதியில் நிற்கிற கிழவியின் கத்தரிக்காயில் வந்து விழும். எந்தப் படையிலும், எந்தப் பக்கத்திலும். பெடியனை நான் பத்து வருடம் திட்டினேன், திட்டவேண்டியது குடிலை.

பழைய பிட்டர்
பெப்ரவரி 15, காலை 7.00

நேற்றைய கடைசி வரியைத் திருப்பி எடுக்கிறேன். என் மூத்த மகள் வாசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, கிழவியின்ர பையைக் காலால தட்டச் சொல்லி ஒபீசர் சொன்னவரே? கையால பார்த்திருக்கலாமே?" சரிதான். கால் பெடியனுடைய கால். குடிலையும் திட்டவேணும், அவனையும் திட்டவேணும்.

பழைய பிட்டர்
பெப்ரவரி 17, மாலை 4.15

"இப்படிப்பட்டவர்கள் எப்படிப் பதவி ஏறுகிறார்கள்?" இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. பதவி உயர்வு எழுதுகிறவன் மேலே இருக்கிறான், மேலே இருந்து பார்த்தால் தொப்பி மட்டும்தான் தெரியும். மேலே ஒரு முகம், கீழே ஒரு முகம் காட்டத் தெரிந்தவனுக்குப் படையைவிட நல்ல இடம் கிடையாது.

அமெரிக்கக் கடற்படையின் ஷைலோ என்ற போர்க்கப்பல், யப்பானில் நின்றது. 2015 முதல் 2017 வரை இருந்த கப்டன் சின்னப் பிழைக்கும் மாலுமிகளைச் சிறைக்கு அனுப்பி மூன்று நாள் பாணும் தண்ணீரும் மட்டும் கொடுக்கிற பழைய தண்டனையைப் பாவித்தார். மாலுமிகளிடம் எடுத்த கருத்துக் கணிப்புகளில் மனநிலை எவ்வளவு விழுந்திருக்கிறது என்று திரும்பத் திரும்ப எழுத்தில் வந்தது. வந்தும், அவர் தன் காலத்தை முடித்துக்கொண்டுதான் இறங்கினார். 2017 யூனில் அந்தக் கப்பலில் ஒரு மாலுமி காணாமல் போய், கடலில் விழுந்துவிட்டார் என்று நாள்கணக்கில் தேடினார்கள். ஒரு கிழமை கழித்து எஞ்சின் அறைக்குள் ஒளிந்திருக்கக் கண்டுபிடித்தார்கள். அதைக் கப்டன் தலையில் மட்டும் கட்டமாட்டேன். ஆனால் எஞ்சின் அறைச் சூடு எப்படி என்று எனக்குத் தெரியும், ஒருவன் அதைத் தேர்ந்தெடுக்கிறான் என்றால் யோசிக்கவேண்டும். பாண்-தண்ணீர்த் தண்டனை 2019 தொடக்கத்தோடு நீக்கப்பட்டது.

2020இல் அமெரிக்க இராணுவம் பற்றாலியன் கொமாண்டர்மாரைத் தெரிவுசெய்ய ஃபோர்ட் நாக்ஸ் முகாமில் சில நாள் வைத்துச் சோதிக்கத் தொடங்கியது. சக ஒபீசர்களும் கீழே வேலை செய்தவர்களும் என்ன சொல்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்தது. தொப்பியைக் கீழேயிருந்து பார்க்க அனுமதித்திருக்கிறார்கள். நல்லது. கொப்பிக்காரர் மாதிரி ஆக்கள் அதையும் கடந்துவிடுவார்கள் என்று ஒரு சந்தேகம் எனக்கு.

பழைய பிட்டர்
பெப்ரவரி 20, இரவு 12.10

தமிழாசிரியர் ஒருவர் குறள் போட்டிருக்கிறார். நம் ஆக்கள் கூடுகிற இடத்தில் குறள் வராவிட்டால்தான் அதிசயம். ஆனால் இந்தக் குறள் என்னை மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை.

"கடுமொழியும் கையிகந்த தண்டமும் வேந்தன்
அடுமுரண் தேய்க்கும் அரம்."

கடுஞ்சொல்லும் அளவு மீறிய தண்டனையும் அரசனுடைய பலத்தைத் தேய்க்கிற அரமாம். வாள் என்று சொல்லவில்லை, சுத்தியல் என்று சொல்லவில்லை. அரம் பிடித்தவன்தான் இதை எழுதியிருக்கவேண்டும். சுத்தியலால் அடித்தால் இரும்பு நெளிந்தது உடனே தெரியும். அரம் போட்டால் ஒன்றும் தெரியாது. ஒரு இழுப்புக்குக் கண்ணுக்குத் தெரியாத தூள் போகும். சாயந்தரம் அளவு பார்த்தால்தான் பொருள் பொருந்தாது என்று தெரியும்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த இழை முழுக்க மற்றவர்களைக் காட்டிக்கொண்டே வந்தேன்.

யுத்தம் முடிந்த பிறகு உப்புவெளியில் சின்னப் பட்டறை வைத்திருந்தேன், வள்ளத்துக்குப் பூட்டுகிற வெளியிணைப்பு எஞ்சின் திருத்துவது. ஒரு பெடியன் வேலை பழக வந்தான், பதினேழு வயது. நான் அவனுக்கு ஒருநாளும் கை நீட்டவில்லை. கத்தவும் இல்லை. அவன் பிழை விட்டால் எஞ்சின் கொண்டுவந்த ஆக்களுக்கு முன்னால் அதைச் சொல்லிச் சிரிப்பேன். "இவர் எஞ்சினியர், நட்டை எந்தப் பக்கம் திருப்புறது எண்டு ஆராய்ச்சி செய்யிறார்." எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். நான் நல்ல பகிடிக்காரன் என்று ஊரில் பெயர்.

ஒருநாள் திருக்கடலூர் மீனவர் ஒருவரின் 15 குதிரைவலு எஞ்சினில் மூடியை இறுக்கும்போது போல்ட் தலை முறிந்திருக்கிறது. அவன் என்னிடம் சொல்லவில்லை. முறிந்த தலையை இரட்டைப் பசையால் இருந்த இடத்திலேயே ஒட்டி, மேலே சாம்பல் நிறப் பெயின்ற் தொட்டுவிட்டான். வேலை அவ்வளவு துப்புரவு, நானே தடவிப் பார்த்தும் பிடிபடவில்லை. எஞ்சின் போனது. கொட்டியாரக் குடாவுக்கு வெளியே இரவு அது நின்றுவிட்டது. மனிதர் விடியும்வரை நீரோட்டத்தில் போய், மூதூர்ப் பக்கத்து வள்ளமொன்று கண்டு கட்டி இழுத்து வந்தது.

எஞ்சினைக் கழற்றினோம், ஒட்டின தலை என் உள்ளங்கையில் விழுந்தது. நான் பெடியனிடம் கேட்டேன், "ஏன்டா தம்பி என்னட்டச் சொல்லேல்ல?"

கேட்ட உடனே எனக்கு 1977 வந்துவிட்டது. அதே கேள்வி, அதே மெல்லிய குரல். என்னிடம் பென்சில் இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

முறிந்த போல்ட்டை எடுக்கப் பத்து நிமிட வேலை. துளை போட்டு, எதிர்ப்புரி ஆயுதம் விட்டுச் சுற்றினால் வந்துவிடும். அவன் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். முதலில் பகிடி பண்ணியிருப்பேன். பிறகுதான் துளை போட்டிருப்பேன்.

ஆகவே மடத்தடி, உங்கள் கேள்விக்கு என் பதில் மாறிவிட்டது. சத்தத்தை அளக்காதீர்கள். கெட்ட செய்தி மேலே போகிறதா என்று பாருங்கள். காய்ச்சல், முறிந்த போல்ட், கரை தெரியவில்லை, குண்டு குறைகிறது, எதுவானாலும். பட்டறையில் போகாவிட்டால் ஒரு வள்ளம் ஒதுங்கும். படையில் போகாவிட்டால் என்ன ஒதுங்கும் என்று இந்த ஊர்க்காரருக்கு நான் எழுதத் தேவையில்லை.

மடத்தடி
பெப்ரவரி 26, மாலை 6.45

மருமகன் நேற்று எடுத்தவன். 13 கிலோமீற்றர் பாரத்தோட நடந்ததில குதிக்கால் கொப்பளிச்சுப் போச்சாம். பிட்டர் அண்ணை கேட்ட மாதிரியே கேட்டன், ஆருக்குச் சொன்னனீ எண்டு. சார்ஜன்டுக்குத்தானாம். அவர், "நேற்றே ஏன் சொல்லேல்ல" எண்டு அரை மணித்தியாலம் கத்திப்போட்டு, தானே நிலத்தில இருந்து சப்பாத்தைக் கழற்றி மருந்து போட்டு விட்டவராம். இன்னமும் அவன் அந்த ஆளை "ரொக்சிக்" எண்டுதான் சொல்லுறான்.

பழைய பிட்டர்
பெப்ரவரி 26, இரவு 7.20

சொல்லட்டும். உள்ளுக்கு ஒரு மெல்லிய மேசும் அதுக்கு மேல தடிச்ச மேசும் போடச் சொல்லுங்கோ. கொப்பளத்தைக் குத்தவேண்டாம்.